ஒரு படிகத்துள் இரு கூறுகள்

ஒரு பொருளைக் கையில் எடுத்து, "இது ஒரே பொருள்" என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் கண்ணின் சாட்சியத்தை நம்பியே சொல்கிறோம். பளபளப்பான முகங்களும் நேரான விளிம்புகளும் உடைய ஒரு படிகத்தைக் கண்டாலோ அந்த நம்பிக்கை மேலும் உறுதிப்படுகிறது. படிகம் என்றால் ஒழுங்கு, ஒழுங்கு என்றால் ஒருமை என்று எண்ணிவிடுகிறோம். ஆனால், வெளியே ஒன்றாகத் தோன்றும் படிகம் உள்ளே இரண்டாக இருக்கக்கூடும். அவ்விரண்டின் குணங்களும் ஒன்றுக்கொன்று நேர்மாறாக இருக்கக்கூடும். இதை அறியாமல் முழுப் படிகத்தையும் அளந்து நாம் பெறும் எண், அவ்விரண்டில் எதனுடைய உண்மையையும் சொல்லாமல் போகக்கூடும்.

2010ஆம் ஆண்டையொட்டி உலகின் பல ஆய்வுக்கூடங்களை இத்தகைய ஒரு படிகம் திகைக்கவைத்தது. அது இரும்பை அடிப்படையாகக் கொண்ட ஒரு மீக்கடத்திப் படிகம். அதன் வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன். அதற்கு முன்பாக, நம்மைச் சுற்றியுள்ள கல்லிலும் நம் வீட்டு அடுக்களையிலும் இருந்து சில அடிப்படைச் செய்திகளைத் தெரிந்துகொள்வோம். பிறகு அந்தப் படிகத்தின் புதிர் எளிதில் விளங்கும்.

நான் வாழும் சிதறால், குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திற்கு அருகே உள்ள ஒரு சிற்றூர். ஊருக்கு மேலே திருச்சாரணத்து மலை இருக்கிறது. சொக்கன்தூங்கி மலை என்றும் அதனைச் சொல்வதுண்டு. அங்கே பெரும்பாறையொன்று கூரைபோலக் கவிந்து நிற்கிறது. அப்பாறையின் முகத்தில் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு அங்கே உண்டு. அது ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மாணவர்களை அம்மலைக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம், சிற்பங்களைப் பார்த்து முடித்தபின் வெறும் பாறையையும் சற்று நேரம் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கச் சொல்வது என் வழக்கம். தொலைவிலிருந்து சாம்பல் நிறமான ஒரே கல்லாகத் தோன்றியது, அருகே சென்றதும் பலவாகப் பிரிகிறது. கண்ணாடிபோல் மின்னும் குவார்ட்ஸ் மணிகள், வெண்மையான ஃபெல்ஸ்பார் மணிகள், கரிய அப்பிரகத் துணுக்குகள் ஆகியவை நெருங்கிப் பின்னிக் கிடக்கின்றன.

இங்கே இரண்டு சொற்களை நாம் வரையறுத்துக்கொள்ளலாம். ஒரே இயைபும் ஒரே அணு அமைப்பும் உடைய பகுதியை ஒரு 'கூறு' என்று அழைப்போம். குவார்ட்ஸ் ஒரு கூறு. ஃபெல்ஸ்பார் மற்றொரு கூறு. இக்கூறுகள் எவ்வளவு பெரியனவாக, எந்த வடிவில், எவ்வாறு அடுக்கப்பட்டு, ஒன்றையொன்று தொட்டோ தொடாமலோ அமைந்துள்ளன என்பதை 'நுண்ணமைப்பு' என்போம். எவையெவை எத்தனை பங்கு உள்ளன என்று சொல்வது ஒரு செய்தி. அவை எவ்வாறு அமைந்துள்ளன என்று சொல்வது வேறொரு செய்தி. ஒரே அளவு கல்லும் மணலும் சுண்ணாம்பும் கொண்டு சுவரும் எழுப்பலாம், குவியலாகவும் கொட்டி வைக்கலாம் அன்றோ?

பாறையில் பல கனிமங்கள் இருப்பது வியப்பன்று. அது பல படிகங்களின் தொகுதி. வியப்பு அடுத்த படியில் இருக்கிறது. தனியொரு ஃபெல்ஸ்பார் மணியை எடுத்து, மெல்லிய தகடாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், அந்த ஒரு மணிக்குள்ளேயே நூல் நூலாக மற்றொரு ஃபெல்ஸ்பார் ஓடுவதைப் பல சமயம் காணலாம். குமரி மாவட்ட மலைகளில் பரவலாகக் கிடைக்கும் சார்னகைட் என்னும் பாறையில் இத்தகைய மணிகள் சாதாரணம். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் இருந்த கல்லைக் கண்டு, தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியலார் 1893இல் இப்பாறைக்கு அப்பெயரைச் சூட்டினார். அவ்வினப் பாறையே சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருக்கிறது.

ஒரே மணிக்குள் இரண்டு ஃபெல்ஸ்பார் எவ்வாறு வந்தன? பொட்டாசிய அணு பெரியது. சோடிய அணு சிறியது. பாறை மிகச் சூடாக இருந்த காலத்தில் அணுக்களின் அதிர்வு பலமாக இருந்தது. அப்போது பெரியதும் சிறியதும் ஒரே படிகத்துள் கலந்து அமர்ந்திருக்க முடிந்தது. சூடு குறையக் குறைய அந்தக் கலப்பு படிகத்துக்குச் சுமையாகிவிடுகிறது. அணுக்கள் மெல்ல நகர்ந்து, பொட்டாசியம் மிகுந்த பகுதியாகவும் சோடியம் மிகுந்த பகுதியாகவும் பிரிகின்றன. கவனியுங்கள்: இந்தப் பிரிவு உருகிய குழம்பில் நிகழவில்லை. திடப்பொருளான பிறகு, படிகத்தின் வெளி உருவம் சிறிதும் மாறாமல், உள்ளேயே நிகழ்ந்தது.

இதன் மிக அழகிய சான்று நம் அண்டை நாடான இலங்கையில் கிடைக்கிறது. அங்கே அம்பலாங்கொடைக்கு அருகிலுள்ள மீட்டியாகொடையில் சந்திரகாந்தக் கற்களை வெட்டியெடுக்கிறார்கள். கல்லைத் திருப்பும்போது அதனுள் நிலவொளிபோல் நீலம் கலந்த ஒரு வெண்ணொளி தவழ்கிறது. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. ராமன், பெங்களூரில் தம் மாணவர்களுடன் சேர்ந்து இக்கற்களை ஆராய்ந்து 1950இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அக்கல் ஒருபடித்தான படிகம் அன்று. பொட்டாசிய ஃபெல்ஸ்பாருக்குள் சோடிய ஃபெல்ஸ்பார் மிக நுண்ணிய பகுதிகளாகப் பிரிந்து நிற்கிறது. அப்பகுதிகளில் பட்டு ஒளி சிதறுவதே நாம் காணும் நிலவொளி. கூறுகள் பிரிந்ததனால்தான் அந்தக் கல்லுக்கு அழகும் விலையும் வந்தன.

சூடு குறையும்போது கலந்திருந்தவை பிரியும் என்பதை வீட்டிலேயே காணலாம். மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைப் பாருங்கள். முந்திய மாலையில் தெளிந்திருந்த எண்ணெயில் வெண்ணிறக் கட்டிகள் மிதக்கும்; வெயில் ஏறினால் அவை மறையும். இனி, எவ்வளவு விரைவாக ஆறுகிறது என்பதும் முக்கியம். எங்கள் பக்கத்தில் அக்கானி என்று சொல்லும் பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால், அது விரைவில் இறுகிக் கருப்பட்டியாகிறது. அதனுள் கண்ணுக்குத் தெரியாத சிறு சர்க்கரை மணிகள் நெருங்கிச் செறிந்திருக்கும். அதே பதநீரைச் சற்று வேறு பதத்தில் பாகாக்கி, அசைக்காமல் வாரக்கணக்கில் வைத்திருந்தால், பெரிய பெரிய பனங்கற்கண்டுகள் விளைகின்றன. விரைந்து ஆறினால் சிறு மணிகள். மெல்ல ஆறினால் பெரிய மணிகள். இவ்விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்கு இது மிகவும் தேவைப்படும்.

இனி மீக்கடத்திக்கு வருவோம். 1911இல் ஹாலந்து நாட்டு லைடன் நகரில் காமர்லிங் ஓன்ஸ் என்பவர் பாதரசத்தைத் திரவ ஹீலியத்தில் குளிரச் செய்து அதன் மின்தடையை அளந்தார். ஏறத்தாழ 4.2 கெல்வினில், அதாவது பூச்சியத்துக்குக் கீழே 269 டிகிரி சென்டிகிரேடில், மின்தடை திடீரென்று மறைந்தது. 1933இல் ஜெர்மனியில் மைஸ்னர், ஆக்சன்ஃபெல்ட் ஆகிய இருவரும், மீக்கடத்தி தன் உள்ளே இருக்கும் காந்தப் புலத்தை வெளியே தள்ளிவிடும் என்று காட்டினர். ஆக, ஒரு பொருள் மீக்கடத்தியா என்று அறிய இரண்டு சோதனைகள் நம்மிடம் உள்ளன: மின்தடை இல்லாமை, காந்தப் புலத்தை விலக்குதல்.

மீக்கடத்தியில் எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணைந்து செல்கின்றன என்று 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகிய மூவர் விளக்கினர். பொதுவாக அந்த இணையில் ஒன்றின் சுழற்சிக்கு மற்றதன் சுழற்சி எதிர்த் திசையில் அமைகிறது. வலிய காந்தம் அருகே இருந்தால் அவ்விணை குலைந்துவிடும். எனவே காந்தங்களில் தலையாயதாகிய இரும்பு, மீக்கடத்தலுக்குப் பகை என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. அக்கருத்தை 2008இல் ஜப்பானிய விஞ்ஞானி ஹிடியோ ஹொசோனோவும் அவருடைய குழுவினரும் மாற்றினர். லாந்தனம், இரும்பு, ஆர்சனிக், ஆக்சிஜன் ஆகியவை சேர்ந்த ஒரு சேர்மத்தில் சிறிது ஃபுளூரினைக் கலந்தபோது, அது 26 கெல்வினில் மீக்கடத்தியாயிற்று. லாந்தனத்தின் இடத்தில் சமாரியத்தை வைத்தபோது, சில மாதங்களுக்குள் அந்த எல்லை 55 கெல்வினுக்கு உயர்ந்தது.

இவ்வினப் பொருள்கள் யாவற்றிலும் இரும்பு அணுக்கள் சதுரக் கட்டங்களின் முனைகளில் அமர்ந்து தளம் தளமாக இருக்கின்றன. தளத்தின் மேலும் கீழும் ஆர்சனிக்கோ செலினியமோ இருக்கும். தளங்களுக்கு இடையே பேரியம், பொட்டாசியம் போன்ற அணுக்கள் இருக்கலாம். பேரியம், இரும்பு, ஆர்சனிக் சேர்ந்த படிகம் சாதாரண அழுத்தத்தில் மீக்கடத்தி அன்று. ஏறத்தாழ 140 கெல்வினுக்குக் கீழே அதன் இரும்பு அணுக்கள் காந்த ஒழுங்கு பெறுகின்றன. அழுத்தம் கொடுத்தால் அக்காந்த ஒழுங்கு தளர்ந்து மீக்கடத்தல் தலைகாட்டும். நம் தமிழ்நாட்டுக் கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள், தனிப்படிகத்தில் அழுத்தத்தால் தோன்றும் மீக்கடத்தலைப் பற்றி 2009இல் கட்டுரை வெளியிட்டனர். காந்த ஒழுங்கும் மீக்கடத்தலும் ஒன்றையொன்று எவ்வாறு விலக்குகின்றன, எவ்வாறு அடுத்தடுத்து வாழ்கின்றன என்பதே இத்துறையின் நடுக் கேள்வி.

இந்நிலையில்தான், 2010இல், பீகிங் நகர விஞ்ஞானிகள் பொட்டாசியம், இரும்பு, செலினியம் மூன்றும் சேர்ந்த ஒரு படிகம் 30 கெல்வினுக்கு மேல் மீக்கடத்தியாவதை அறிவித்தனர். மூலப்பொருள்களைக் குவார்ட்ஸ் குழாயில் அடைத்து, ஆயிரம் டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் உருக்கி, மெல்ல ஆறவைத்து அப்படிகங்களை வளர்ப்பர். சில மில்லிமீட்டர் அகலமுள்ள, கண்ணாடிபோல் மின்னும் தகடுகள் கிடைக்கும். பார்ப்பவர் எவரும் குறையற்ற தனிப்படிகம் என்றே சொல்வர்.

அடுத்த ஆண்டே குழப்பம் தொடங்கியது. நியூட்ரான் கதிர்களைக் கொண்டு ஆராய்ந்தபோது, அந்தப் படிகம் ஒரு வலிய காந்த ஒழுங்கை உடையது என்று தெரிந்தது. அடுத்தடுத்த காந்தங்கள் ஒன்றுக்கொன்று எதிர்த் திசை காட்டும் ஒழுங்கு அது. ஒவ்வோர் இரும்பு அணுவின் காந்தத் திறனும் ஏறத்தாழ 3.3 போர் மேக்னட்டான். முன்னே கூறிய பேரியப் படிகத்தில் அது 1க்கும் குறைவு. மேலும், இந்தக் காந்த ஒழுங்கு ஏறத்தாழ 560 கெல்வினிலேயே, அதாவது கொதிநீரைவிடச் சூடான நிலையிலேயே, தோன்றிவிடுகிறது. 32 கெல்வினில் மீக்கடத்தல் வரும்போதும் அது மறையாமல் நிற்கிறது. இதைவிட விந்தை, அத்தகைய காந்த ஒழுங்குடைய படிக அமைப்பு மின்சாரத்தைக் கடத்தாத காப்புப் பொருளின் குணம் உடையது. மின்சாரத்தையே கடத்தாத ஒன்று எவ்வாறு தடையின்றிக் கடத்தும்?

இரண்டு விடைகள் இருக்க முடியும். மீக்கடத்தலைப் பற்றி நாம் அறிந்தவை யாவும் தவறாக இருக்க வேண்டும். அல்லது, காந்தமாக இருப்பது ஓர் இடமும் மீக்கடத்தியாக இருப்பது வேறோர் இடமுமாக இருக்க வேண்டும். முதல் விடை உண்மையானால் பௌதிகத்தின் ஓர் அதிகாரத்தையே மாற்றி எழுத வேண்டும். ஆகவே எது உண்மை என்று காண்பது மிகப் பெரிய பொறுப்பாயிற்று.

நம்மிடம் உள்ள இரண்டு சோதனைகளும் இங்கே உதவவில்லை. ஏன் என்று பார்ப்போம். மலையடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஓர் ஒற்றையடிப் பாதை இருந்தால் போதும், நாம் ஏறிவிடலாம். அதனால் மலை முழுவதும் பாதை என்று ஆகிவிடுமா? அதுபோல, படிகத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மீக்கடத்தியாலான ஒரு மெல்லிய இழை தொடர்ந்து சென்றால், மின்தடை பூச்சியம் என்றே அளவுகருவி காட்டும். காந்தப் புலத்தை விலக்கும் சோதனையிலும் ஏமாற இடம் உண்டு. ஒரு தோப்பைச் சுற்றிலும் மதில் எழுப்பினால், மதில் பிடிக்கும் இடம் சிறிதாயினும் தோப்பு முழுவதுக்கும் ஆடு மாடுகள் புகமுடியாது. படிகத்துள் மீக்கடத்தி வலைபோலப் பின்னிக் கிடந்தால், முதலில் குளிரவைத்துப் பிறகு செலுத்தும் காந்தப் புலத்தை அவ்வலை தடுத்துவிடும். முழுப் படிகமும் மீக்கடத்தியே என்று நாம் எண்ணிவிடுவோம்.

ஆகவே படிகத்தின் மொத்த நடத்தையைக் கேட்காமல், ஒவ்வோர் இடத்தின் நடத்தையையும் தனித்தனியே கேட்கும் சோதனைகள் தேவைப்பட்டன. மாஸ்பவர் முறை அவற்றுள் ஒன்று. அதில் ஒவ்வோர் இரும்பு அணுவின் கருவும், தான் காந்தச் சூழலில் இருக்கிறதா இல்லையா என்பதைத் தன் காமாக் கதிர் உட்கொள்ளலால் தெரிவிக்கிறது. மியூயான் என்னும் நுண்துகள்களைப் படிகத்துள் செலுத்தி அவை தங்கிய இடத்தின் காந்தப் புலத்தை அறிவது மற்றொரு முறை. இம்முறைகள் கூறிய விடை ஏறத்தாழ ஒன்றே. இரும்பில் பத்தில் ஒன்பது பங்கு அளவு வலிய காந்தச் சூழலில் இருக்கிறது. எஞ்சிய பத்தில் ஒரு பங்கு அளவே காந்தமற்ற சூழலில் இருக்கிறது. வெப்ப எண்ணை அளந்தவர்களும், மீக்கடத்தல் தொடங்கும் உஷ்ணநிலையில் எதிர்பார்க்கும் துள்ளல் மிகச் சிறிதாகவே இருப்பதைக் கண்டனர். படிகத்தின் சிறுபங்கே மீக்கடத்தி என்றால் துள்ளலும் சிறிதாகத்தானே இருக்கும்?

இறுதியில் நுண்ணோக்கிகள் அதைக் கண்ணாலேயே காட்டின. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில், பரந்த ஒரு கூற்றின் நடுவே மற்றொரு கூறு மைக்ரான் அளவிலும் அதற்குக் குறைந்த அளவிலும் கோடுகளாகவும் பட்டைகளாகவும் ஓடுவது தெரிந்தது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 2012இல் வெளியான மற்றோர் ஆய்வில், அணு அளவு கூர்மையுள்ள ஊசி முனையைப் பரப்பின்மேல் நகர்த்தி, அங்கங்கே எலெக்ட்ரான்களின் நிலையை அறிந்தனர். ஒரு பகுதியில் இரும்புத் தளம் ஏறக்குறைய நிறைந்திருந்தது. அங்கே மீக்கடத்தலின் அடையாளம் காணப்பட்டது. அடுத்த பகுதியில் இரும்பின் காலியிடங்கள் ஒழுங்காக அமைந்திருந்தன. அது காப்புப் பொருளாக இருந்தது. சந்திரகாந்தக் கல்லில் நிகழ்ந்ததைப் போன்ற பிரிவே இங்கும் நிகழ்ந்திருந்தது.

ஏன் பிரிகிறது? நம் பெண்கள் வாசலில் புள்ளிக் கோலம் இடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து புள்ளிக்கு ஒரு புள்ளியை வெறுமையாக விட்டு, அவ்வெறுமையும் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும்படி ஒரு கோலம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். காந்தக் கூற்றின் இரும்புத் தளம் அப்படிப்பட்டது. ஐந்து இரும்பு இடங்களில் நான்கு நிரம்பியும் ஒன்று காலியாகவும் இருக்கும். இரண்டு பொட்டாசியத்துக்கு நான்கு இரும்பும் ஐந்து செலினியமும் என்பது அதன் கணக்கு. ஏறத்தாழ 580 கெல்வினுக்கு மேல், நிரம்பிய இடங்களும் காலியிடங்களும் ஒழுங்கின்றிக் கலந்திருக்கின்றன. குளிரும்போது காலியிடங்கள் வரிசைப்படுகின்றன. படிகத்தில் இக்கணக்குக்கு மேல் சிறிது இரும்பு இருந்தால் அதற்கு இக்கோலத்தில் இடமில்லை. கோலத்தைக் கெடுக்காமல் அந்த மிகுதி இரும்பு வேறிடத்துக்கு ஒதுக்கப்படுகிறது. ஒதுக்கப்பட்ட இடங்களே இரும்பு ஏறக்குறைய நிறைந்த இரண்டாம் கூறாகின்றன. மீக்கடத்தல் அங்கேதான் குடியிருக்கிறது.

இப்போது கருப்பட்டியையும் கற்கண்டையும் நினைவுகூருங்கள். இப்படிகத்தை மெல்ல ஆறவிட்டால், இரண்டாம் கூற்றின் அணுக்களுக்கு நகர்ந்து சேரப் போதிய காலம் கிடைக்கிறது. அவை ஒன்றுதிரண்டு பெரிய தீவுகளாகின்றன. தீவுகளுக்கு இடையே காப்புப் பொருள் அகன்று கிடக்கிறது. மின்சாரம் தீவுக்குத் தீவு தாண்டிச் செல்ல முடிவதில்லை. அதே படிகத்தை மீண்டும் சூடாக்கி, உயர் உஷ்ணநிலையிலிருந்து திடீரெனக் குளிரவைத்தால், அணுக்கள் தொலைவு நகர நேரம் இல்லை. இரண்டாம் கூறு மெல்லிய இழைகளாக எங்கும் பரவி ஒன்றையொன்று தொட்டு வலையாகிறது. மின்தடையும் மறைகிறது, காந்தப் புலமும் நன்றாகத் தடுக்கப்படுகிறது. மூலப்பொருள்களின் கணக்கில் அணுவளவும் மாற்றம் இல்லை. மாறியது நுண்ணமைப்பு ஒன்றே. ஓர் ஆய்வுக்கூடத்தார் "நல்ல மீக்கடத்தி" என்றும், மற்றோர் ஆய்வுக்கூடத்தார் "மீக்கடத்தியே அன்று" என்றும் ஒரே வேதிக்குறியீட்டைப் பற்றிக் கூற நேர்ந்ததன் காரணங்களுள் இது முக்கியமானது. இருவரும் உண்மையே சொன்னார்கள். ஆறவைத்த விதம் வேறு.

இக்கதையைக் கேட்டு, காந்தமும் மீக்கடத்தலும் எங்கே சேர்ந்து காணப்பட்டாலும் படிகம் பிரிந்திருக்கிறது என்று நீங்கள் முடிவுகட்டிவிடக் கூடாது. பேரியப் படிகத்தில் இரும்பின் சிறு பங்குக்குப் பதிலாகக் கோபால்ட்டைப் புகுத்தினால், ஒரு குறிப்பிட்ட கலப்பு அளவில், காந்த ஒழுங்கும் மீக்கடத்தலும் ஒரே இடத்தில், ஒரே எலெக்ட்ரான்களிடையே, போட்டியிட்டுக்கொண்டு சேர்ந்து வாழ்வதை அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுச் சோதனைகள் காட்டியுள்ளன. பேரியத்தின் இடத்தில் பொட்டாசியத்தைப் புகுத்திய படிகங்களிலோ, தொடக்கத்தில் கிடைத்தவை பிரிந்திருந்தன. பின்னர்க் கவனமாக வளர்த்தவற்றில் இரண்டும் சேர்ந்து வாழ்வதாகத் தெரிந்தது. ஆகவே ஒவ்வொரு பொருளையும், ஒவ்வொரு படிகத்தையும் தனியே விசாரித்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

கூறுகள் பிரிவது எப்போதும் குறை என்றும் எண்ண வேண்டாம். மருத்துவமனைகளில் உடலின் உட்பகுதியைப் படமெடுக்கும் பெரிய காந்தக் கருவிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் சுருள்கள் பெரும்பாலும் நியோபியமும் டைட்டேனியமும் கலந்த உலோகக் கம்பியால் ஆனவை. அக்கம்பியைச் செய்யும்போது வேண்டுமென்றே பல முறை சூடாக்கியும் இழுத்தும், அதனுள் டைட்டேனியம் மிகுந்த நுண்ணிய கூறு பிரியும்படி செய்கிறார்கள். அப்பகுதிகள் மீக்கடத்தி அல்ல. ஆயினும், கம்பியினுள் புகுந்த காந்தக் கோடுகள் நகராதபடி முளையடித்தாற்போல அவை பிடித்து நிறுத்துகின்றன. கோடுகள் நகர்ந்தால் மின்தடை தோன்றிவிடும். நிலைத்து நின்றால் கம்பி மிகுந்த மின்சாரத்தைத் தாங்கும். இங்கே கூறுகளின் பிரிவு கைவினைஞனின் கருவியாகிவிட்டது. பிரிவு நன்மையா தீமையா என்பது, நமக்கு எது வேண்டும் என்பதையும், பிரிந்தவற்றை நாம் எவ்வாறு அமைக்கிறோம் என்பதையும் பொறுத்தது.

மாணவ நண்பர்களே, நீங்கள் கல்லூரிகளில் செய்முறைப் பயிற்சியில் ஒரு பொருளை அளக்கும்போது, அட்டவணையில் ஓர் எண்ணை எழுதி முடித்துவிடுகிறீர்கள். அந்த எண் தவறு என்று நான் சொல்லவில்லை. அது எதைப் பற்றிய எண் என்று ஒரு கணம் கேட்டுப் பாருங்கள். பொருள் முழுவதும் ஒருபடித்தானதா? இல்லையென்றால், எந்தக் கூறு பேசுகிறது? அது எத்தனை பங்கு? எவ்வாறு அமைந்திருக்கிறது? எவ்வளவு சூட்டிலிருந்து, எவ்வளவு விரைவில் ஆறியது? பொட்டாசியப் படிகத்தின் புதிரில், கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததோடு நில்லாமல் இக்கேள்விகளையும் கேட்டதனால்தான் விடை கிடைத்தது. பௌதிகத்தின் அதிகாரத்தை மாற்றி எழுத வேண்டிய தேவையும் எழவில்லை. அந்த இரண்டாம் கூற்றின் நுட்பமான இயைபையும், அதைத் தனியாகப் பிரித்து வளர்க்கும் வழியையும் பற்றிய வேலை தொடர்கிறது. அவ்வேலைக்குப் பொறுமையுள்ள கைகளும் கூர்மையான கண்களும் தேவை. உங்களுள் சிலருடைய கைகளும் கண்களும் அதில் ஈடுபடுமானால் எனக்குப் பெருமகிழ்ச்சி.